போ ஸ்ட்ரீட்டை உணவகம் காப்பாற்றவில்லை

பழைய நீதிமன்றக் கட்டடம் ஒன்று உணவகமாக மாறிய செய்தி எங்கே வந்தாலும், கூடவே ஒரு பெருமூச்சும் வருகிறது: நல்லவேளை, கட்டடம் பிழைத்துக்கொண்டது. சுற்றுலாப் பக்கங்கள் இப்படி எழுதுகின்றன. கட்டடக்கலை இதழ்களும் எழுதுகின்றன. பழைய கட்டடங்கள்மேல் உண்மையான பாசம் உள்ளவர்களும் இதையே சொல்கிறார்கள். அவர்கள் வாதம் இப்படிப் போகும்: கோர்ட்டுக்கு வயதாகிவிட்டது, அரசிடம் பணம் இல்லை, அப்படியே விட்டிருந்தால் இடித்திருப்பார்கள். முதல் போட ஒருவர் வந்தார். கூரை ஒழுகுவது நின்றது, மரவேலைப்பாடு பளிச்சென்று ஆனது. முன்பு குற்றவாளிகள் மட்டும் நுழைந்த இடத்தில் இன்று யார் வேண்டுமானாலும் போய்ச் சாப்பிடலாம். வரலாறும் வாழ்கிறது, வியாபாரமும் நடக்கிறது. இதில் யாருக்கு என்ன நஷ்டம்?

நஷ்டம் இருக்கிறது. அதைச் சுமப்பவர்கள் அந்த உணவகத்துக்கு வருகிறவர்கள் அல்லர் என்பதால் அது கண்ணில் படுவதில்லை. மேலே சொன்ன வாதத்தின் ஒவ்வொரு படியும் பிசகு என்பது என் கட்சி. பொதுவாகப் பேசினால் இது காற்றில் போய்விடும். ஆகவே லண்டனில், கோவென்ட் கார்டன் பகுதியில், ராயல் ஓபரா ஹவுஸுக்கு நேர் எதிரே நிற்கும் போ ஸ்ட்ரீட் மாஜிஸ்திரேட் கோர்ட்டையே எடுத்துக்கொள்கிறேன். உணவகமாகிப் ‘பிழைத்த’ நீதிமன்றங்களுக்கு எடுத்துக்காட்டாக அடிக்கடி காட்டப்படும் கட்டடம் அது.

அந்தத் தெருவில் நீதி விசாரணை 1740-இல் தொடங்கியது. தாமஸ் டி வெய்ல் என்ற மாஜிஸ்திரேட் தாம் குடியிருந்த வீட்டிலேயே வழக்குக் கேட்க உட்கார்ந்தார். சில ஆண்டுகளுக்குப் பின் அந்த இடத்துக்கு வந்தவர் நாவலாசிரியர் ஹென்றி ஃபீல்டிங். ‘டாம் ஜோன்ஸ்’ வெளியான 1749-ஆம் ஆண்டை ஒட்டித்தான் ‘போ ஸ்ட்ரீட் ரன்னர்ஸ்’ என்று பின்னால் பெயர்பெற்ற சிறு காவல் குழுவையும் அவர் அமைத்தார். லண்டன் மாநகரத்துக்கு முறையான போலீஸ் வருவதற்கு எண்பது ஆண்டுகள் முந்திய கதை இது. ஃபீல்டிங்குக்குப் பிறகு அவருடைய மாற்றாந்தாய் மகனான தம்பி ஜான் ஃபீல்டிங் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். அவருக்குப் பார்வை கிடையாது. குரலை வைத்தே ஆயிரக்கணக்கான திருடர்களை அடையாளம் சொல்வார் என்று ஊர் பேசியது. 1780-இல் லண்டனில் மூண்ட கலவரத்தில் கும்பல் ஒன்று அந்த வீட்டுக்குள் புகுந்து சூறையாடியது. நீதிமன்றம் திரும்பவும் அதே தெருவில் எழுந்தது. இன்று நாம் பார்க்கும் கல் கட்டடம் ஜான் டெய்லர் வடிவமைத்து 1881-இல் முடிந்தது. கோர்ட்டும் போலீஸ் நிலையமும் சேர்ந்த வளாகம். இங்கிலாந்தில் மற்றப் போலீஸ் நிலையங்களின் வாசலில் நீல விளக்கு எரியும். இங்கே மட்டும் வெள்ளை விளக்கு. ஓபராவுக்கு வரும் விக்டோரியா அரசிக்கு நீல விளக்கு பிடிக்கவில்லை, கணவர் இறந்த அறையை அது நினைவூட்டியது என்று ஒரு கதை வழங்குகிறது.

தலைமை மாஜிஸ்திரேட் உட்காரும் இடம் என்பதால் வெளிநாட்டுக்கு ஆளை ஒப்படைக்கும் வழக்குகள் இங்கேதான் வந்தன. கூண்டில் நின்றவர்களின் வரிசை நீளமானது. 1895 ஏப்ரலில் ஆஸ்கார் வைல்ட். 1916-இல் அயர்லாந்துப் போராளி ரோஜர் கேஸ்மென்ட். புத்தகங்களும் இங்கே விசாரணைக்கு வந்தன: 1915-இல் டி. எச். லாரன்ஸின் ‘தி ரெயின்போ’, 1928-இல் ராட்கிளிஃப் ஹால் எழுதிய ‘தி வெல் ஆஃப் லோன்லினெஸ்’. இரண்டையும் அழித்துவிடும்படி உத்தரவானது. 1999 அக்டோபர் 8 அன்று, சிலியின் முன்னாள் சர்வாதிகாரி பினோசேயை ஸ்பெயினிடம் ஒப்படைக்கலாம் என்று ரொனால்ட் பார்ட்டில் என்ற மாஜிஸ்திரேட் இங்கே தீர்ப்புச் சொன்னார். நாட்டையே நடுங்க வைத்த ஒருவரின் பெயர், முந்தின நாள் பிக்பாக்கெட்காரரின் பெயர் படிக்கப்பட்ட அதே சபையில் படிக்கப்பட்டது. ஒரு மாஜிஸ்திரேட் கோர்ட்டின் பெருமைக்கு இதைவிடப் பெரிய சாட்சி எனக்குத் தெரியாது.

தமிழ் வாசகர்களுக்கும் இந்த இடத்தில் ஒரு பாத்தியதை உண்டு. 1910 மார்ச்சில் விக்டோரியா ரயில் நிலையத்தில் கைதான சாவர்க்கரைப் போ ஸ்ட்ரீட்டில்தான் நிறுத்தினார்கள். தப்பியோடிய குற்றவாளிகளைப் பற்றிய 1881-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அவரை இந்தியாவுக்கு அனுப்பலாம் என்று மே 12 அன்று அங்கே உத்தரவானது. அந்த மாதங்களில் சிறைக்குப் போய் அவரைப் பார்த்து, வேண்டியதைச் செய்துகொண்டிருந்தவர் திருச்சி வரகனேரியிலிருந்து பாரிஸ்டர் படிப்புக்கு லண்டன் போயிருந்த வ. வே. சு. ஐயர். அடுத்து வாரண்ட் தம் பெயருக்கு என்று ஆனபோது மாறுவேடத்தில் தப்பி, அதே ஆண்டு புதுச்சேரி வந்து சேர்ந்தார். சாவர்க்கரின் பிற்கால அரசியலைப் பற்றி யாருக்கு எந்தக் கருத்தும் இருக்கட்டும். ஐயர் புதுச்சேரி வந்ததும், பாரதியோடு சேர்ந்ததும், பின்னால் தமிழில் எழுதியதும் நேர்ந்த வழியில் அந்த விசாரணையும் ஒரு திருப்பம்.

பெயர் பெற்றவர்களை இவ்வளவு சொன்ன பிறகு, உண்மையான வேலையையும் சொல்லியாக வேண்டும். மாஜிஸ்திரேட் கோர்ட் என்பது பிரபலங்களுக்காக நடந்ததல்ல. இங்கிலாந்தில் எல்லாக் குற்ற வழக்குகளும் அங்கேதான் தொடங்குகின்றன. நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் அங்கேயே முடிந்தும் விடுகின்றன. போ ஸ்ட்ரீட்டில் காலையில் பெஞ்ச் கூடினால் முந்தின இரவின் கோவென்ட் கார்டன் முழுவதும் வரிசையில் நிற்கும். குடித்துவிட்டுச் சண்டை போட்டவர், தெருவில் படுத்ததற்காக 1824-ஆம் ஆண்டு நாடோடிச் சட்டத்தில் பிடிபட்டவர், சந்தையில் பழம் திருடிய சிறுவன், உடலை விற்றுப் பிழைத்த பெண். அவர்களுக்காக ஜாமீன் கொடுக்க வந்த அக்காவோ மாமாவோ பின்னால் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். நீதி என்று அரசு சொல்வது பெரும்பாலோருக்கு அந்த ஒரே அறையில்தான் நேரில் தெரிந்தது.

அந்த அறை 2006 ஜூலை 14 அன்று கடைசியாகக் கூடியது. பழுதுபார்க்கும் செலவு கட்டுப்படியாகாது என்றார்கள். 2021-இல் அந்தக் கட்டடம் நோமேட் என்ற ஹோட்டலாகத் திறந்தது. உள்முற்றத்துக்குக் கண்ணாடிக் கூரை போட்டுப் பெரிய உணவகம், போலீஸ் நிலையப் பக்கம் மதுக்கூடம், பழைய விசாரணை அறையில் மாஜிஸ்திரேட்டின் பெயராலேயே ஒரு விருந்து மண்டபம்.

இனி அந்த வாதத்துக்கு வருவோம்.

விட்டிருந்தால் இடித்திருப்பார்கள் என்பது முதல் படி. இது நடந்திருக்க முடியாது. போ ஸ்ட்ரீட் கட்டடம் பல ஆண்டுகளாகவே இரண்டாம் தரப் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கிறது. பட்டியலில் உள்ள கட்டடத்தை அனுமதியில்லாமல் இடிப்பது அங்கே சட்டப்படி குற்றம். 1990-ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தெளிவாகச் சொல்கிறது. ஆக, கட்டடத்தைக் காத்தது சட்டம். ஹோட்டல் வருவதற்கு முன்பும் காத்தது, நாளை ஹோட்டல் மூடினாலும் காக்கும். தனியார் கைக்குப் போனதும் கட்டடம் மறுவாழ்வு பெற்றது என்பதும் முழு உண்மையல்ல. அயர்லாந்துக்காரர் ஒருவர் வாங்கினார், பிறகு ஆஸ்திரியர்கள், பிறகு கத்தார் நிறுவனம் ஒன்று. கோர்ட் மூடியதற்கும் ஹோட்டல் திறந்ததற்கும் நடுவே ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகள். லண்டனின் நடுவில், தினமும் ஆயிரக்கணக்கானோர் கடக்கும் தெருவில், 1740 முதல் வேலை பார்த்த ஓர் இடம் பதினைந்து ஆண்டு சும்மா கிடந்தது. கோர்ட் செலவு பிடிக்கிறது என்று விற்ற அரசு, அந்தப் பதினைந்து ஆண்டின் இழப்பை எந்தக் கணக்கிலும் எழுதவில்லை.

இரண்டாவது படிதான் எனக்கு அதிகக் கோபம் தருவது. கோர்ட்டுக்கு வயதாகிவிட்டது, தேவை போய்விட்டது என்கிறார்கள். போ ஸ்ட்ரீட்டின் வேலை போன இடம் ஹார்ஸ்ஃபெரி ரோடு கோர்ட். அது 1970-களில் கட்டிய கட்டடம். பழமை அங்கே குறையாக இருக்க வழியில்லை. ஆனால் அதையும் 2011-இல் மூடினார்கள், விற்றார்கள், இடித்து அடுக்குமாடிக் குடியிருப்பு கட்டினார்கள். வேலை மேரில்போன் ரோட்டுக்குப் போனது. பழையதும் போனது, புதியதும் போனது என்றால் வயதைக் காரணமாகச் சொல்வதில் அர்த்தம் இல்லை. இரண்டுக்கும் பொதுவாக இருந்தது ஒன்றுதான்: நல்ல விலை போகும் மனை.

இது லண்டனின் கதை மட்டுமல்ல. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2010-இல் சுமார் 320 மாஜிஸ்திரேட் கோர்ட்டுகள் இருந்தன. அந்த ஆண்டு டிசம்பரில் ஒரே அறிவிப்பில் 93 கோர்ட்டுகளை மூட முடிவெடுத்தார்கள். பத்தாண்டு முடிவதற்குள் பாதிக்கு மேல் மூடியாகிவிட்டது. அந்த ஊர்களில் குற்றம் பாதியாகக் குறைந்துவிடவில்லை. வழக்குகள் அடுத்த ஊருக்கு, அதற்கும் அடுத்த ஊருக்குப் போயின. எவ்வளவு தூரம் வரை மக்களை அலைய விடலாம் என்பதற்கு அரசே ஓர் அளவுகோல் சொன்னது: காலை 7.30-க்கு முன் வீட்டைவிட்டுக் கிளம்ப வேண்டியிராமல், இரவு 7.30-க்குள் திரும்ப முடிந்தால் போதும். பொதுப் போக்குவரத்தில், நாள் முழுக்க. பன்னிரண்டு மணி நேரம்.

அந்தப் பன்னிரண்டு மணி நேரத்தை யார் கொடுக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். கார் இல்லாதவர். தினக்கூலிக்காரர். பள்ளிவிட்டு வரும் குழந்தையை அழைத்துவர வேறு ஆள் இல்லாத தாய். அடித்த கணவனுக்கு எதிராகச் சாட்சி சொல்லப் போகும் பெண், அதே பேருந்தில் அவனும் ஏறுவானோ என்ற பயத்தோடு நிற்பவள். வாய்தா தவறினால் வாரண்ட். பேருந்து தவறினாலும் வாரண்ட். பக்கத்துத் தெருவில் இருந்த கோர்ட் பிரகாசமான உணவகமாகிவிட்டதில் இவர்களுக்கு நஷ்டம் உண்டா என்று கேட்டால், பதில் அந்தப் பேருந்து நிறுத்தத்தில் இருக்கிறது.

நியாயமான ஓர் எதிர்வாதத்தை நான் ஒதுக்கப் போவதில்லை. அந்தப் பழைய கட்டடங்கள் பல நல்ல கோர்ட்டுகளாக இல்லை. சக்கர நாற்காலியில் வருபவருக்கு வழி கிடையாது. குற்றம் சாட்டப்பட்டவனும் சாட்சியும் ஒரே தாழ்வாரத்தில் காத்திருக்க வேண்டும். லாக்கப் அறைகள் மனிதர் இருக்கத் தக்கவையாக இல்லை. இதெல்லாம் மெய். ஆனால் அதற்கு மருந்து பழுதுபார்ப்பது. பாதுகாப்புப் பட்டியலில் உள்ள கட்டடத்தை நவீன வசதியோடு மாற்ற முடியாது என்று அரசு கையை விரித்த அதே சுவர்களுக்குள், பணம் போட்ட நிறுவனம் தொண்ணூறு சொச்சம் அறைகளும் குளியலறைகளும் சமையற்கூடமும் அமைத்துக் காட்டியது. ஆகவே சுவர் இடம் கொடுக்கவில்லை என்ற பேச்சு எடுபடாது. மனம்தான் இல்லை, அல்லது, யாருக்காகச் செலவு செய்வது என்ற கணக்கில் அந்தப் பேருந்து நிறுத்தத்துக்காரர்கள் வரவில்லை.

மூன்றாவது படி: முன்பு குற்றவாளிகள் மட்டும் போன இடத்துக்கு இன்று எல்லோரும் போகலாம். இதைவிடத் தலைகீழான கூற்று இருக்க முடியாது. நீதிமன்றம் என்பது யார் வேண்டுமானாலும், எதற்கு வந்தாய் என்ற கேள்வியில்லாமல், காசில்லாமல் நுழைந்து உட்காரக்கூடிய இடம். வழக்கில் சம்பந்தம் வேண்டியதில்லை. மழைக்கு ஒதுங்கக்கூட வரலாம். நீதி திறந்த சபையில் நடக்க வேண்டும் என்பதைப் பிரிட்டனின் பிரபுக்கள் சபை 1913-இல் ஸ்காட் என்ற தம்பதியின் வழக்கில் அழுத்தமாக நிலைநாட்டியது. உலகின் பல நீதிமன்றங்கள் இன்றும் அதை எடுத்தாள்கின்றன. நம் ஊர் கோர்ட்டிலும் பின்வரிசையில் யாரென்று தெரியாத பெரியவர் ஒருவர் தினமும் வந்து வழக்குக் கேட்பதைப் பார்த்திருப்போம். அவரை எழுப்பி அனுப்ப யாருக்கும் உரிமையில்லை. அவர் கண் அங்கே இருப்பதுதான் மாஜிஸ்திரேட்டுக்கும் போலீசுக்கும் இருக்கும் கடிவாளம்.

உணவகத்துக்குள் நுழைய முதலில் மேசை பதிவு செய்ய வேண்டும், பிறகு பில் கட்ட வேண்டும். அதில் தப்பில்லை, வியாபாரம் அப்படித்தான். ஆனால் உரிமையாக இருந்ததை வாடிக்கையாக மாற்றிவிட்டு, ‘இப்போது எல்லோருக்கும் திறந்துவிட்டோம்’ என்று சொல்வது பொய்க்கணக்கு. 1999 அக்டோபரில் பினோசேயின் தீர்ப்பு நாளன்று, அவருடைய ஆட்சியில் உறவுகளை இழந்து நாடுவிட்டு வந்த சிலி மக்கள் போ ஸ்ட்ரீட் வாசலில் கூடி நின்றார்கள். அவர்களுக்கு அந்த வாசலில் நிற்க அழைப்பிதழ் தேவைப்படவில்லை.

நான்காவதாக, வரலாறு பாதுகாக்கப்பட்டது என்கிறார்கள். எந்த வரலாறு என்று கேட்க விரும்புகிறேன். இதற்குப் போ ஸ்ட்ரீட்டைவிட நல்ல சான்று, ஒரு மைல் தூரம்கூட இல்லாத இன்னொரு கட்டடம். கிரேட் மார்ல்பரோ ஸ்ட்ரீட் மாஜிஸ்திரேட் கோர்ட் 1998-இல் மூடி, பிறகு ஹோட்டலானது. முதலாம் எண் விசாரணை அறை உணவகமாயிற்று. பெஞ்சும் கூண்டும் அலங்காரமாக அப்படியே நிற்கின்றன. லாக்கப் அறைகள் மதுக்கூடத்தின் தனியறைகளாகிவிட்டன. அந்த இடத்தைப் பற்றிய பயணக் கட்டுரைகளில் தவறாமல் வரும் இரண்டு பெயர்கள் ஆஸ்கார் வைல்டும் ஜான் லெனனும். வைல்ட் தம்மை இழிவுபடுத்தியதாகக் குவின்ஸ்பரி பிரபுமேல் கொடுத்த புகார் 1895 மார்ச்சில் மார்ல்பரோ ஸ்ட்ரீட் கோர்ட்டில்தான் முதலில் வந்தது, சரி. ஆனால் இன்று நிற்கும் கட்டடத்தைக் கட்டத் தொடங்கியதே 1913-இல். அந்தச் சுவர்கள் வைல்டைப் பார்த்ததில்லை. லெனனின் பெயர் வருவது அவர் வரைந்த படங்களை வைத்திருந்த ஓவியக் கூடத்தின்மீது 1970-இல் நடந்த ஆபாச வழக்கினால். அதில் குற்றம் சாட்டப்பட்டவர் லெனன் அல்லர், ஓவியக் கூடத்தார். வழக்கும் தள்ளுபடியானது. கேட்க ருசியாக இருப்பதால் இரண்டு கதைகளும் தேதியும் விவரமும் உதிர்ந்து, சாப்பாட்டுக்கு முன் பரிமாறப்படும் பேச்சாகிவிட்டன. வியாபாரத்தின் கையில் கொடுத்த வரலாறு இப்படித்தான் ஆகும். அதை நடத்துபவர்கள் கெட்டவர்கள் என்பதால் அல்ல. விருந்தாளியின் மனத்தைச் சங்கடப்படுத்தாத கதைதான் அங்கே தேவைப்படுகிறது.

சங்கடப்படுத்தும் கதைகள் அவற்றின் வழியே போய்விடுகின்றன. அந்த லாக்கப் அறையில் ஓர் இரவு கிடந்தவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேருக்குப் பெயர் கிடையாது. குளிர், வாந்தி, மூத்திர நாற்றம், விடிந்தால் என்ன ஆகுமோ என்ற பயம். மனிதர் பயந்து கிடந்த அறையில் சொகுசு இருக்கை போட்டு, கைதியாக நடித்துப் படம் எடுத்துக்கொள்ள வைப்பதை வரலாற்றுப் பாதுகாப்பு என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. ஓர் ஆஸ்பத்திரிப் பிணவறையை இப்படிச் செய்தால் கூசுகிற மனம், லாக்கப்பைச் செய்யும்போது ஏன் கூசுவதில்லை? அங்கே கிடந்தவர்கள் நம் ஆட்கள் அல்லர் என்ற எண்ணம்தான் காரணம் என்று நினைக்கிறேன்.

போ ஸ்ட்ரீட்டில் இதற்கு ஒரு சிறு பரிகாரம் நடந்திருக்கிறது, அதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. கட்டடத்தின் ஒரு பகுதியில், பழைய லாக்கப் அறைகளோடு, 2021-இல் ஒரு போலீஸ் அருங்காட்சியகம் திறந்தார்கள். கட்டணம் உண்டு, வாரத்தில் சில நாட்கள்தான். ஆனாலும் அங்கே போலீசும் கைதியும் வாழ்ந்த வாழ்க்கை சிரத்தையாகக் காட்டப்படுகிறது. நல்ல காரியம். பெரிய விசாரணை அறை மட்டும் விருந்துக்கு வாடகைக்கு விடப்படும் இடமாக அடுத்த பக்கம் போய்விட்டது.

சாப்பாட்டின்மேல் எனக்கு எந்த விரோதமும் இல்லை. போ ஸ்ட்ரீட்டின் வரலாற்றிலேயே ஒரு விருந்து உண்டு. எனக்கு மிகப் பிடித்த விருந்து அது. 1908 அக்டோபரில், நாடாளுமன்றத்துக்குள் திரண்டு புகுவோம் வாருங்கள் என்று துண்டறிக்கை வெளியிட்டதற்காக எம்மலின் பாங்க்ஹர்ஸ்ட், அவர் மகள் கிறிஸ்டபெல், ஃப்ளோரா டிரம்மண்ட் மூவரையும் கைது செய்தார்கள். ஜாமீன் கிடைக்காமல் அன்றிரவு போ ஸ்ட்ரீட்டிலேயே இருக்க வேண்டியதாயிற்று. ஜேம்ஸ் மரே என்ற லிபரல் கட்சி எம்.பி. வந்து பார்த்தார். சவாய் ஹோட்டலுக்குப் போனார். சற்று நேரத்தில் கட்டில்களும் மெத்தைகளும் இரவுச் சாப்பாடும் ஹோட்டல் பணியாளர்களோடு போலீஸ் நிலையத்துக்கு வந்து இறங்கின. லண்டனின் மிக உயர்ந்த ஹோட்டல் ஒன்றின் மேசை விரிப்பு, வாக்குரிமை கேட்டுக் கைதான பெண்களுக்காக லாக்கப்பில் விரிக்கப்பட்டது.

அதற்குப் பின் விசாரணையில் நடந்தது அதைவிடப் பெரியது. கிறிஸ்டபெல் சட்டம் படித்துப் பட்டம் பெற்றவர், ஆனால் பெண் என்பதால் வழக்கறிஞராக முடியாதவர். அவர் கூண்டில் நின்றபடி தம் வழக்கைத் தாமே நடத்தினார். நிதியமைச்சர் லாயிட் ஜார்ஜையும் உள்துறை அமைச்சர் ஹெர்பர்ட் கிளாட்ஸ்டனையும் சாட்சிக்கு அழைத்தார். இருவரும் வந்தார்கள். ஓட்டுப் போட உரிமையில்லாத ஓர் இளம்பெண் கேட்ட கேள்விகளுக்கு, ஆளும் அமைச்சர்கள் இருவர் பொதுமக்களும் பத்திரிகைக்காரர்களும் பார்த்திருக்கப் பதில் சொன்னார்கள். கடைசியில் மூவருக்கும் சிறைதான். ஆனால் அந்தக் கேள்விகள் மறுநாள் நாடு முழுக்கப் பத்திரிகைகளில் வந்தன. அந்த இரவின் சவாய் சாப்பாடு அர்த்தம் பெறுவது மறுபக்கம் அந்த அறை திறந்திருந்ததால். அறையை எடுத்துவிட்டுச் சாப்பாட்டை மட்டும் வைத்துக்கொண்டால் அது இன்னொரு நல்ல சாப்பாடு, அவ்வளவுதான்.

வேறு வழி இருந்ததா என்று கேட்பவர்களுக்கு லண்டனிலேயே பதில் இருக்கிறது. நாடாளுமன்றச் சதுக்கத்தில் உள்ள மிடில்செக்ஸ் கில்ட்ஹால் 1913-இல் கட்டி முடித்து, நெடுங்காலம் குற்றவியல் கோர்ட்டாக இருந்தது. அதைப் புதுப்பித்து 2009 அக்டோபரில் பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாகத் திறந்தார்கள். இன்று யாரும் காசில்லாமல் உள்ளே போய் வாதங்களைக் கேட்கலாம். கீழ்த்தளத்தில் கண்காட்சியும் உண்டு, காப்பி குடிக்க இடமும் உண்டு. இந்த வேலையும் குறையில்லாமல் நடக்கவில்லை. பழைய விசாரணை அறைகளின் மரவேலைப்பாட்டைப் பெயர்த்ததை எதிர்த்து ‘சேவ் பிரிட்டன்ஸ் ஹெரிட்டேஜ்’ அமைப்பு வழக்குப் போட்டுத் தோற்றது. அந்த அமைப்பு 2004-லேயே பிரிட்டனின் பழைய நீதிமன்றங்களின் கதியைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டு எச்சரித்திருந்தது. அவர்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனால் மரவேலை முழுதாக இருந்து நீதி வெளியேறிய அறையா, மரவேலை குறைந்து நீதி தங்கிய அறையா என்று என்னைக் கேட்டால் இரண்டாவதையே எடுப்பேன்.

நீதிமன்ற வேலை உண்மையிலேயே வேறிடம் போக வேண்டிய நிலையும் வரலாம். டார்செட் மாவட்டத்தில் டார்செஸ்டர் ஷையர் ஹால் அப்படிப்பட்டது. 1834-இல் டால்படில் என்ற கிராமத்தைச் சேர்ந்த ஆறு விவசாயக் கூலிகள், சங்கம் சேர இரகசியமாகச் சத்தியம் செய்ததற்காக, ஏழு ஆண்டு நாடுகடத்தல் தண்டனை பெற்ற அறை அங்கே இருக்கிறது. தொழிற்சங்க இயக்கம் உலகெங்கும் போற்றும் இடம். 1955-இல் கோர்ட் வேலை நின்றது. ஆனாலும் அறையை விருந்துக்கு விடவில்லை. கூண்டும் கீழே லாக்கப்பும் அப்படியே நிற்க, இன்று அது ஓர் அருங்காட்சியகம். சிங்கப்பூரில் 1939-இல் திறந்த பழைய உச்ச நீதிமன்றம், 2015-இல் தேசிய ஓவியக் கூடமாயிற்று. அங்கே விலையுயர்ந்த உணவகங்களும் உண்டு. ஆனால் அதற்குப் பத்தாண்டு முன்பே, நடந்து போகும் தூரத்தில் நீதிமன்றத்துக்குப் புதிய கட்டடம் எழுப்பியிருந்தார்கள். நீதிக்கு முதலில் வீடு, பிறகு ஓவியத்துக்கு, அதற்குப் பிறகு சமையலுக்கு. அந்த வரிசை எனக்கு ஏற்புடையது.

ஆகவே உணவகமே கூடாது என்று நான் சொல்லவில்லை. ‘காப்பாற்றினார்கள்’ என்ற பேச்சை ஏற்க மறுக்கிறேன். அந்தப் பேச்சு விற்றவரை விட்டுவிடுகிறது. அரசு விற்றது, வாங்கியவர் வியாபாரம் செய்கிறார். இதில் நன்றி சொல்ல என்ன இருக்கிறது? மூடப்படும் ஒவ்வொரு கோர்ட்டுக்கும் பின்னால் ஒரு நல்ல உணவகம் வரும் என்ற நம்பிக்கை பரவிவிட்டால், அடுத்த கோர்ட்டை மூடும்போது யாரும் குரல் எழுப்ப மாட்டார்கள். இப்போதே எழுப்புவதில்லை. திறப்பு விழாவைப் பற்றி எழுதிய பத்திரிகைகளில் எத்தனை, அந்தக் கோர்ட்டின் வழக்குகள் எங்கே போயின, அங்கே வந்துகொண்டிருந்தவர்கள் இப்போது எத்தனை பேருந்து மாறுகிறார்கள் என்று ஒரு பத்தி எழுதின?

இனி விற்பனைக்கு வரும் கோர்ட்டுகளில் கேட்க வேண்டியவை தெளிவானவை. அங்கே நடந்த வேலைக்கு அதே ஊரில் இடம் உறுதியான பிறகே விற்பனை. விசாரணை அறை ஒன்றாவது விற்பனைப் பத்திரத்துக்கு வெளியே, ஊர் மக்கள் பெயரில் இருக்க வேண்டும். லாக்கப் அறைகளை மதுக்கூடமாக்கத் தடை. பிரபலங்களின் படங்களுக்குப் பக்கத்தில், அந்தக் கோர்ட்டின் சாதாரண ஒரு நாளின் வழக்குப் பட்டியல் முழுதாக, இந்தக் குற்றத்துக்கு இந்தத் தண்டனை என்று சுவரில் இருக்க வேண்டும். நகரசபைகளுக்கு இதற்கெல்லாம் அதிகாரம் உண்டு. கட்டட அனுமதி கொடுக்கும்போது நிபந்தனை எழுதுவது அன்றாட வேலைதான். போ ஸ்ட்ரீட்டிலும் காலம் கடந்துவிடவில்லை. கிறிஸ்டபெல் அமைச்சர்களைக் கேள்வி கேட்ட பழைய நீதிமன்றத்தின் பெரிய அறையை, விருந்து இல்லாத நாட்களில், டிக்கெட்டும் முன்பதிவும் இல்லாமல் திறந்துவிடும்படி வெஸ்ட்மின்ஸ்டர் நகரசபை அந்த ஹோட்டலைக் கேட்கலாம். இந்த ஆண்டே கேட்கலாம்.